கொட்டகை என் நிலத்தில் நிற்கிறது

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுதீயளா தம்பி? கீழ வச்சா கண்டக்டர் மிதிச்சிருவான். கேஸுக்கட்டு உள்ள இருக்கு. ஏற்கெனவே ஊரே மிதிச்சாச்சு, இவன் வேற மிதிக்கணுமா.

எங்க போறீய? பனையடிப்பட்டியா? அட, நமக்கு அடுத்த ஊருல்லா! நான் நாச்சியார்பேரி. ரோட்டு மேல பூதலிங்க விலாசம்னு ஒரு பள்ளிக்கூடம், ஓட்டுக் கட்டடம், முன்னால பெரிய வேம்பு. பஸ்ஸுல போகையில பாத்திருப்பீயே. இல்லையா? எதிர்ல இருக்கதைப் பாத்திருக்கீய. ஆமா, அவன் சுவரு பூரா ரயில்பெட்டி மாதிரி பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான், எல்லாருக்கும் அதுதான் கண்ணுல படும். அது பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம். அதுக்கு நேர் எதிர்ல இருக்கது நம்மளுது. நான்தான் மேனேஜர். நாச்சியார்பேரியில பால்வண்ணம் வீடு எதுன்னு கேட்டா சின்னப்பிள்ளையும் சொல்லும்.

சின்னப்பிள்ளை... சரி, அதுக்கு வாரேன்.

ஏன் வண்டியை எடுக்க மாட்டேங்கான்? டிரைவர் இன்னும் டீ குடிச்சு முடிக்கலையா? ஒரு காரியத்துக்குக் கிளம்பினா உருப்படியா நடக்காது தம்பி, நம்ம ஜாதகம் அப்படி.

மேனேஜ்மென்ட் பள்ளிக்கூடம்னா உங்க வயசுக்காரங்களுக்குத் தெரியாது. தனியாரும் இல்ல, சர்க்காரும் இல்ல. இடம் எங்களுது, கட்டடம் எங்களுது, நிர்வாகம் எங்களுது. வாத்தியார் சம்பளம் சர்க்காருது. பிள்ளைகளுக்கு ஃபீஸ் கிடையாது. எங்க தாத்தா பூதலிங்கம் கட்டினது. அந்தக் காலத்துல சுத்துவட்டாரத்துக்கே அது ஒண்ணுதான். சுருக்கமாச் சொன்னா, தீவனம் அவன் போடுதான், மாடு என் தொழுவத்துல நிக்கி. பாலு? பாலு ஊருக்கு. உமக்கு என்னவே கிடைக்கும்னு கேப்பீய. ஒரு பைசா கிடையாது. கையெழுத்து. அவ்வளவுதான்.

சிரிக்காதீய. மாசக் கடைசியில ஹெச்.எம். கிறிஸ்டி டீச்சர் சம்பளப் பில்லைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வருவாவ. நல்ல பொம்பளை, பொய் சொல்லக்கூடாது. குடையை வாசல்ல விரிச்சு வச்சுட்டு உள்ள வந்து, "சார், ஒரு கையெழுத்து"ன்னு நிப்பாவ. என் வீட்டுக்காரி காப்பி கொடுப்பா. நான் கண்ணாடியை எடுத்துத் துடைச்சு, பில்லு பூராவையும் வாசிச்சு, அதுக்குப் பொறவுதான் பேனாவை எடுப்பேன். சும்மா போட்டுருவேனா? எங்க அப்பாவும் அப்படித்தான் போட்டாவ, தாத்தாவும் அப்படித்தான். அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் தம்பி ஊர்ல மரியாதை.

சரி, சண்டை எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. ஒரு டீச்சர் ரிட்டயர்டு ஆனாவ. இடம் காலி. மேனேஜ்மென்ட் பள்ளிக்கூடத்துல வாத்தியாரைப் போடுத உரிமை மேனேஜருக்கு. நான் யாரைப் போடுவேன்? வீட்டுலயே டீச்சர் டிரெயினிங் படிச்ச மருமக சும்மா இருக்கா. தகுதித் தேர்வும் எழுதி பாஸ் பண்ணியிருக்கா. போட்டேன். இதுல என்ன தப்பு? சொல்லுங்க. இவன் மருமகளைப் போட்டுட்டான்னு ஊர்ல பேசுனாவ. எதிர்த்த வீட்டுக்காரன் மருமகளையா போடமுடியும்?

நியமனத்துக்கு ஒப்புதல் கேட்டு எழுதுனா, வட்டாரக் கல்வி அலுவலர், ஒரு அம்மா, சின்ன வயசுதான், "உங்க புது நியமனத்துக்கு ஒப்புதல் தர வழியில்ல. பக்கத்து வட்டாரத்துல பிள்ளைக குறைஞ்சு போய் ஒரு டீச்சர் உபரியா இருக்காங்க. காலி இடத்துக்கு அவங்களைத்தான் எடுத்துக்கிடணும்"ன்னு ஆர்டர் போட்டு அனுப்பிருச்சு. வேலம்மாள்னு ஒரு டீச்சர், ஆர்டரும் கையுமா காலையில வந்து நிக்காவ. என் பள்ளிக்கூடத்துக்கு, என்னைக் கேக்காம!

வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட விடலை நான். உள்ளயே விடலை. அந்த அம்மா திரும்பிப் போவாவன்னு பாத்தா, வேப்பமரத்தடியில பெஞ்சில உக்காந்துட்டாவ. மறுநாளும் வந்தாவ. அதுக்கு மறுநாளும். காலை மணி அடிக்கப்போ வந்து உக்காருவாவ, சாயங்கால மணி அடிக்கப்போ எந்திரிச்சுப் போவாவ. நானும் பதினோரு மணிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். பள்ளிக்கூடத்துக்கு வந்த பொம்பளைக்கு டீ கொடுக்காம இருந்தா நம்ம குடும்பத்துக்கு இழுக்கு. சண்டை டிபார்ட்மென்ட்டோடதான், அவங்களோட என்ன? அவங்களும் டீயைக் குடிச்சுட்டு தம்ளரைக் கழுவி வச்சுட்டுத்தான் போவாவ. பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாஸுக்கு டீச்சர் இல்ல, பிள்ளைக சன்னல்ல தொங்கிக்கிட்டு அந்த அம்மாவையே பாத்துக்கிட்டு இருக்கும். அவங்களும் அங்க இருந்தே கையை ஆட்டி ஆட்டி பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சுட்டாவ. இதைக் கூட நான் தடுக்கலை பாத்துக்கிடுங்க. நான் அப்படி ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல.

அப்பாடா, எடுத்துட்டான். காத்து வரட்டும், அந்தச் சன்னலை நல்லாத் திறங்க.

அடுத்தால என்ன பண்ணுனாங்க தெரியுமா? நேரடி மானியம். அப்படின்னா, நிர்வாகத்துல தகராறு இருக்கு, இனி சம்பளத்துக்கு மேனேஜர் கையெழுத்து வேண்டாம், டிபார்ட்மென்ட்டே நேரா டீச்சர் கணக்குல போட்டுரும்னு அர்த்தம். நான் நம்பலை. மாசக் கடைசி வந்துச்சு. நான் குளிச்சு, சட்டை போட்டு, முன்னறையில உக்காந்திருக்கேன். காப்பி ஆறிப்போச்சு. கிறிஸ்டி டீச்சர் வரலை. "வந்தா சொல்லுதேன், சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க"ங்கா வீட்டுக்காரி. அன்னைக்குப் பட்ட அவமானம் இருக்கே தம்பி, என்னை நடுரோட்டுல நிறுத்திச் செருப்பால அடிச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்.

நானும் யோசிச்சேன். சம்பளம் அவன் கையில, வாத்தியார் அவன் கையில. என் கையில என்ன இருக்கு? அப்பதான் கொட்டகை ஞாபகம் வந்துச்சு.

சத்துணவுக் கொட்டகை. அதைக் கட்டுனது யூனியன். அரிசி பருப்பு, முட்டை, அடுப்பு எல்லாம் யூனியன். ஆனா கொட்டகை நிக்க இடம்? என் தாத்தா வாங்குன இடம். எழுதிக் கொடுத்தோமா? இல்ல. வாடகை உண்டா? இல்ல. நல்ல மனசுல விட்டு வச்சது. வக்கீலைப் போய்ப் பாத்தேன். இப்ப பாத்துட்டு வாரேனே, இதே வக்கீல்தான். "அண்ணாச்சி, கொட்டகை உங்க நிலத்தில நிக்கி. உங்க கைவசம் இருக்குன்னு காட்டணும்னா பூட்டைப் போடுங்க. மத்ததைக் கோர்ட்டுல பாத்துக்கிடுவோம்"னார்.

போட்டேன். நல்ல கனமான பூட்டு. கூடவே வக்கீல் கோர்ட்டுல கேஸும் போட்டுட்டார். காலையில ஆயா பேச்சி வந்து பாத்துட்டு, "ஏன் அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு உலை வைக்காண்டாமா?"ன்னா. "போய் உன் ஆபீஸரைக் கேளு"ன்னேன். என் கணக்கு என்னன்னா, மத்தியானம் பிள்ளைக பசின்னு உக்காரும், பெத்தவங்க சத்தம் போடுவாங்க, அந்த ஆபீஸரம்மா ஜீப்பைப் போட்டுக்கிட்டு ஓடி வந்து, "ஐயா, திறங்க, உங்க மருமகளுக்கு ஒப்புதல் தாரேன்"னு நிக்கும். ஒரு நாள் கூத்துதான். அதுக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடுவேனா? முந்தின நாளே பேக்கரியில சொல்லி ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய பன்னு வாங்கி ஆபீஸ் ரூம்ல வச்சிருந்தேன். அதை நீங்க யோசிச்சுப் பாக்கணும். மத்தவன்னா வாங்கியிருப்பானா?

மணி அடிச்சுச்சு. நான் பெட்டியைப் பிரிக்கேன். வெளிய வந்து பாத்தா, பிள்ளைக வரிசையா, கையில தட்டோட, ரோட்டைத் தாண்டிக்கிட்டு இருக்கு. முன்னால பேச்சி. பின்னால கிறிஸ்டி டீச்சர். நடுரோட்டுல நின்னு கையைத் தூக்கி குவாரி லாரியை நிறுத்துதாவ. எதிர்ல யூனியன் பள்ளிக்கூட ஹெச்.எம். தவசிக்கனி, கேட்டைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, "வாங்க மக்கா, வாங்க"ங்கான். அங்கயும் சத்துணவு உண்டுல்லா? பேச்சி அங்க போய்ச் சேத்து உலை வச்சுட்டா. ஆபீஸரம்மா ஃபோன்லயே உத்தரவு கொடுத்துட்டா. ஜீப்பும் வரலை, ஒண்ணும் வரலை.

எங்க வீட்டுல மூணு நாள் பன்னுதான்.

சாப்பிடத்தானே போறாங்க, போகட்டும்னு இருந்தேன். போனதுக பூரா அன்னைக்குத் திரும்பி வந்துச்சுக. மறுநாளும் வந்துச்சுக. அந்தப் பக்கம் ஊஞ்சல் இருக்கு பாருங்க, சோத்தைத் தின்னுட்டு ஊஞ்சல்ல ஏறுனா இறங்க மாட்டேங்கு. ஒண்ணு ரெண்டு அங்கேயே உக்காந்திருக்கும். கிறிஸ்டி டீச்சர் போய் இழுத்துக்கிட்டு வருவாவ. பொறவு பெத்தவங்களே ஆரம்பிச்சுட்டாங்க. "லாரி பேய் மாதிரி வருது. எதுக்கு வெயில்ல போகவும் வரவும் அலையணும்? சோறு திங்க இடத்துலயே படிச்சுக்கிடட்டும்." இந்த ஊர்க்காரனுக்குச் சோறுதான் பெருசு தம்பி. எங்க தாத்தா பேரு, கட்டடம், எத்தனை பேரை ஆளாக்கிவிட்டோம், ஒண்ணும் கிடையாது. முட்டை கிடைக்குதா, அங்க போ.

மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். கையெழுத்து நான்தானே போடணும், வச்சுக்கிடுதேன்னு. "டி.சி. இல்லாமலே சேத்துக்கிடலாம், சட்டம் இருக்கு"ன்னுட்டான் தவசிக்கனி. சட்டமாம் சட்டம்! ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. அவனுக்குப் பிள்ளைக மேல அக்கறையா? பிள்ளை கூடுனா அவனுக்கு வாத்தியார் கூடும், அதுக்குத்தான். என்கிட்ட நேர்ல வந்து சொல்லுதான், "அண்ணாச்சி, பூட்டை எடுத்துருங்க, நானே பிள்ளைகளை உங்க வாசல்ல கொண்டாந்து விடுதேன்"னு. இவன் சொல்லி நான் எடுக்கணுமா? அப்படியே திரும்பிப் போயிட்டான்.

இந்த வயித்தெரிச்சலுக்கு நடுவுல கல்விச் சீர் வேற வந்துச்சு.

உங்க ஊர்ல உண்டா? இப்ப எல்லா ஊர்லயும் பண்ணுதாங்க. தாய்மாமன் சீர் கொண்டு போற மாதிரி, ஊரே கூடி, மேளதாளத்தோட பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி, பீரோ, தண்ணிக்குடம், பழத்தட்டு எல்லாம் கொண்டு போய் வைக்கது. நம்ம ஊர்ல முதத்தடவை. மேளச்சத்தம் கேக்கு, ஊர்வலம் நம்ம ரோட்டுல வருது. எந்தப் பள்ளிக்கூடத்துக்குன்னு எங்கிட்ட யாரும் சொல்லலை. நான் என்ன நினைப்பேன்? இந்த ஊர்ல பள்ளிக்கூடம்னா எது? கிறிஸ்டி டீச்சரைக் கூப்பிட்டு, "பெஞ்சையெல்லாம் துடைச்சுப் போடச் சொல்லுங்க, வாசல்ல தண்ணி தெளிக்கச் சொல்லுங்க"ன்னேன். அந்த அம்மா என் முகத்தைப் பாத்துக்கிட்டே நிக்காவ. நான் தோள்ல புது நேரியலைப் போட்டுக்கிட்டு கேட்டுல கையைக் கூப்பிக்கிட்டு நிக்கேன். மேளக்காரன் வந்தான், என் வாசலுக்கு நேரா நின்னு ஒரு அடி பலமா அடிச்சான், அப்படியே திரும்பி எதிர்ல போயிட்டான். பின்னாலயே ஊரு. பீரோ போகுது, நாற்காலி போகுது. பொம்பளையாளுக தட்டு ஏந்திப் போறாங்க. மூணாவது தட்டு யாரு கையிலங்கீய? என் வீட்டுக்காரி கையில!

வீட்டுல வந்து கேட்டேன். "ஊரே போகுது, நான் மட்டும் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? நம்ம வீட்டுத் தார்தான், பழம் நல்லா இருந்துச்சுன்னாங்க"ங்கா. என் தோட்டத்து வாழைப்பழம்! அவகூட ஒரு வாரம் பேசலை நான். அவ அதைக் கவனிச்ச மாதிரியும் தெரியலை.

அதுக்குப் பொறவு சரசரன்னு இறங்கிருச்சு. கிறிஸ்டி டீச்சர் லீவு நாள்ல எல்லாம் குடையைப் பிடிச்சுக்கிட்டு ஊர் ஊரா பிள்ளை சேக்கப் போனாவ. கைக்காசைப் போட்டு ஆட்டோ வச்சாவ. நான்கூட, "என்ன டீச்சர், பிள்ளை பிடிக்கிறவ மாதிரி அலையுதீய. பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிள்ளை வரணும், பிள்ளையைத் தேடிப் பள்ளிக்கூடம் போகலாமா?"ன்னு கிண்டல் பண்ணுனேன். அப்பவும் சிரிக்கலை அவங்க. ஒரு நாள் கேட்டாவ, "சார், போற வீட்டுல எல்லாம் ஒரே கேள்வி. சோறு உண்டா டீச்சர்ங்காங்க. ஒரே ஒரு பூட்டு. எடுத்துருங்க சார். உங்க காலுல விழுதேன்."

எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா எப்படி எடுக்க? வக்கீலுக்கு ஃபோன் போட்டேன். "திறந்தீங்கன்னா யூனியனோட உரிமையை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், கேஸு நிக்காது"ன்னுட்டார். பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தத்தானே கேஸு? கேஸை விட்டுட்டா பள்ளிக்கூடம் எப்படி நிக்கும்? இந்தச் சின்ன விசயம் டீச்சருக்குப் புரியலை. எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

பொறவு என்ன, பிள்ளை இல்லைன்னு டிபார்ட்மென்ட் அவங்களையும் உபரியாக்கி, பணி நிரவல்னு சொல்லி வேற பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போட்டுருச்சு. எங்கங்கீய? எதிர்லதான். போற அன்னைக்கு வீட்டுக்கு வந்தாவ. குடையை வாசல்ல வச்சாவ. அழுதுட்டுப் போயிட்டாவ. அத்தனை வருசம் என் பள்ளிக்கூடத்து உப்பைத் தின்னுட்டு இப்ப அந்தப் பக்கம் மணி அடிக்காவ. நன்றி கெட்ட உலகம். மரத்தடி வேலம்மாளும் அங்கதான் இருக்காவ. இப்ப அவங்களுக்கு யாரு டீ கொடுக்காங்களோ.

மருமகளா? பாவூர்சத்திரத்துல ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்துல சேந்துட்டா. பேத்தியும் அங்கதான் யு.கே.ஜி. வீட்டு வாசலுக்கே வேன் வருது. பேத்தியை நம்ம பள்ளிக்கூடத்துல சேத்தா என்னன்னு கேக்கீயளா? வக்கீலும் இன்னைக்கு அதைத்தான் கேட்டார். அது எப்படி தம்பி முடியும்? ஒத்தையில ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் அங்க உக்கார வைக்க முடியுமா? அவ படிப்பு என்ன ஆகுறது? டீச்சரும் இல்ல, கூட விளையாடவும் ஆளில்ல. மருமகளும் ஒத்துக்கிட மாட்டா.

இந்தா, குளத்துக்கரை வந்துட்டு. அடுத்து உங்க ஊருதானே? இருங்க, இருங்க, பையை நான் வாங்கிக்கிடுதேன். இறங்குததுக்குள்ள சொல்லிருதேன்.

திங்கக்கிழமை டிபார்ட்மென்ட்டுல இருந்து பள்ளிக்கூடத்தைப் பாக்க வாராங்க. பள்ளிக்கூடம் நடக்கா இல்லையான்னு கோர்ட்டுக்கு ரிப்போர்ட் போகணுமாம். பிள்ளையே இல்லைன்னா அங்கீகாரத்தை எடுத்துருவாங்க. அங்கீகாரம் போச்சுன்னா கேஸு தன்னால போச்சு. "ஒரு பிள்ளை போதும் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு வகுப்புல உக்காந்திருந்தாப் போதும், நான் வாதாடிருவேன்"னார் வக்கீல். காலையில இருந்து நாலு பேர்கிட்ட பேசிட்டேன். பஸ் ஸ்டாண்டுல பழக்கடைக்காரன், வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, இன்னும் ரெண்டு பேரு. ஒருத்தனும் காது கொடுத்துக் கேக்கலை. நீங்க ஒருத்தர்தான் இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டுக்கிட்டு வந்தீய.

உங்களுக்குப் பிள்ளை இருக்கா தம்பி? அஞ்சு வயசு, ஆறு வயசுல? இருக்கா! பையனா, பொண்ணா? எதுவா இருந்தாலும் சரி. பனையடிப்பட்டியில இருந்து எவ்வளவு தூரம், ஆட்டோ நான் அனுப்புதேன். பை, செருப்பு எல்லாம் நம்ம பொறுப்பு. டீச்சரா? பிள்ளை வந்துட்டா டீச்சர் கேட்டு வாங்கிரலாம், அதுக்கு விதி இருக்கு. அதுவரைக்கும் நான் இருக்கேன், அ, ஆ எனக்குத் தெரியாதா?

சோறா? எல்லாரும் அதையே கேக்கீய. சோறு உண்டு தம்பி, முட்டையோட. நம்ம கொட்டகையைத் திறக்க முடியாது, கேஸு இருக்கு, அதனால எதிர்ல போய்ச் சாப்பிட்டுக்கிடட்டும். லாரிக்குப் பயப்படாதீய. நானே கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டி விட்டுட்டு, அந்தக் கேட்டு வாசல்லயே நிக்கேன். சாப்பிட்டு முடிச்சதும் திரும்பி எங்கூட வந்துரணும்னு மட்டும் நீங்க வீட்டுல நல்லாச் சொல்லி அனுப்புங்க.